வழுக்காத டயர்

"டார்லா, இருக்கறதுலயே நல்லா கிரிப் குடுக்கற ரேஸ் டயரா எடு"ன்னாரு வெண்டல்.

கடைக்காரம்மா சிரிச்சுட்டா. "யோவ், ஞாயித்துக்கிழமையானா ரேஸ்ல உன் பழைய கமேரோ காரு ஃப்ளாய்டோட மஸ்டாங் கார மண்ணக் கவ்வ வைக்குது. இன்னும் என்னய்யா வெறி?"

"பச்சை லைட் விழுந்ததும் சக்கரம் வழுக்கவே கூடாது."

"ஃப்ளாய்டு பாவம்யா. 'கிளம்பறப்பவே வழுக்குது, தோத்தது போதும், கார வித்துடப் போறேன்'னு நேத்துதான் பொலம்பினான்."

"என்கிட்டயும் சொன்னான்." வெண்டல் ஒவ்வொரு ரப்பரா கட்டைவிரலால அழுத்திப் பாத்தாரு. கடைசில ரொம்ப மெத்துனு ஒரு ஜோடிய உருட்டிட்டு வந்தாரு.

"அட, இது உன் கமேரோவுக்குச் சேராதுய்யா!"

"மஸ்டாங்குக்குச் சேரும்ல? காசு நான் தரேன், பழைய ஸ்டாக்குன்னு சொல்லி அவன் தலைல கட்டிடு. என் பேர சொல்லிடாத."

டார்லா அந்த ஜோடிய வாங்கி ஓரமா சாத்தி வச்சா.

"எங்க பழைய ரேஸ் செட்டுல அவன் ஒருத்தன்தான் மிச்சம். அவனும் போய்ட்டா, நான் யாரத்தான் ஜெயிக்கிறது?"