முதல் ஐந்து சுற்று

"இன்னிக்கு நான்தான் முதல்ல போவேன்."

"அதெல்லாம் முடியாது. நான்தான்."

கார் ஓடுதளத்தின் கொட்டகையில் கணவனும் மனைவியும் அரை மணி நேரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த மனைவியின் அக்காவுக்கு மானம் போயிற்று.

விஷயம் இதுதான். சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பழகுபவர்களுக்குச் சொல்லித்தர, ஓடுதளத்தில் ஒரு பயிற்சியாளர் வேலை காலி. இருவருமே மனுப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து சுற்று. யாருடைய சுற்று வேகமோ அவருக்கு வேலை. இருப்பதோ ஒரே கார். அதில் நான்கும் புது டயர், காலையில்தான் ஓடுதளத்து டயர்காரர் மாட்டியது. மினுமினுப்புகூடப் போகவில்லை.

புது டயருக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு எல்லாமே சீக்கிரம் புரிந்துவிடும். புரிந்த பிறகு சும்மா இருக்கத்தான் வராது.

"தம்பி, கொஞ்சம் இங்க வாங்க."

தங்கை எட்டு வருஷமாக இந்த வேலைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறாள், எல்லாவற்றிலும் நீங்களே முதலில் என்றால் எப்படி, கட்டியவளுக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

"அக்கா, அது வந்து..."

"வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம். அவ முதல்ல போகட்டும்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அதற்குள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தாள். மூத்தவள் பேச்சைத் தட்ட அவனுக்கு வாய் வரவில்லை. ஒதுங்கிக்கொண்டான்.

"நீ மட்டும் இல்லேன்னா அவர் விட்டிருக்கவே மாட்டாருக்கா," என்று அக்காவின் கையை அழுத்திவிட்டுத் தங்கை காரில் ஏறினாள்.

அக்கா ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நின்றாள். வளைவுக்கு வளைவு கார் வழுக்கியது. தங்கை விடாமல் இழுத்துப் பிடித்து ஓட்டினாள். ஐந்து சுற்றில் வேகமானது என்றால், இரண்டு நிமிடம் ஏழு விநாடி.

இறங்கியவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டயர்காரர் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டாள். டயர் நான்கும் கொதித்துக்கொண்டிருந்தன; சூட்டில் ஏறியிருந்த காற்றை ஒவ்வொன்றிலும் அளந்து அளந்து இறக்கச் சொன்னாள். திருப்பத்தில் கார் நேராகவே போகப் பார்க்கிறது, முன்பக்க ஷாக் அப்சார்பரை இரண்டு திருகு தளர்த்துங்கள் என்றாள். தளர்த்தியதும் அவளே பானெட்டை அமுக்கிப் பார்த்தாள்.

தன் ஓட்டம் முடிந்த பிறகும் புருஷனுக்குச் சேவகமா என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அவனோ தன்பாட்டுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கல்லுளிமங்கன்.

இந்த முறை கார் தரையைக் கவ்விக்கொண்டு ஓடியது. இரண்டு நிமிடம் நான்கு விநாடி. வேலை அவனுக்கு.

தங்கை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன்தான் தோற்றவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கையெழுத்துப் போட இருவரும் ஆபீஸ் அறைக்குப் போனார்கள்.

அக்காவுக்கு ஆறவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். டயர்காரர்தான் இருந்தார்.

"புது டயர்ல முதல்ல போகட்டும்னு அவளுக்காக நான் சண்டை போட்டேன். கடைசியில அவ ஓட்டித் தேச்ச டயர்ல போய் அவர் ஜெயிச்சுட்டார். ராசி கெட்டவ."

டயர்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"புது டயர் முதல் ஓட்டத்துல வழுக்கும்மா. மேல்பூச்சு தேயணும். சூடேறினா காத்து எவ்வளவு ஏறும், எந்தத் திருகைத் தளர்த்தணும், எல்லாம் ஒருத்தர் ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். முதல்ல போறவர் காரைப் பழக்கித் தரணும். பிடிமானம் ரெண்டாவது போறவருக்குத்தான். இங்க ஓட்டுற எல்லாருக்கும் இது தெரியும்."

"அவளுக்குமா?"

"ரெண்டு பேருக்கும். வேணும்னே மெதுவா ஓட்டினா மத்தவர் கண்டுபிடிச்சுடுவார், மனசு கஷ்டப்படும். விட்டுக்கொடுக்கணும்னா முதல்ல போறது ஒண்ணுதான் வழி. அதுக்குத்தான் காலையில அந்தச் சண்டை."

அக்கா கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள்.

"அப்போ, அவ்வளவு பேசி என் தங்கச்சிக்கு நான் எதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்?"

"அவங்க ஆசைப்பட்டதைத்தாம்மா," என்றார் டயர்காரர்.