நாற்பத்தோராம் பக்கம்

மருத்துவமனை வாசலில் அவள் ஓடி வந்த கோலத்தைப் பார்த்ததுமே காவலாளி சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "யாருக்கும்மா, என்ன ஆச்சு?"

"என் வீட்டுக்காரர்... மேல இருக்காரு. பதினொன்றரைக்குள்ள அவரைப் பார்த்தாகணும்" என்றாள் மூச்சிரைக்க. அவசரப் பிரிவு இடது பக்கம் என்று அவர் கை காட்டுவதற்குள் மாடிப்படி ஏறிவிட்டாள்.

கணவருக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். அவளோ, மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஒரு புரோகிராமுக்குக் கையேடு எழுதுகிறவள்.

அந்தக் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில், 'இந்தக் கட்டளை வேண்டாத மென்பொருள்களை மட்டுமே நீக்கும்' என்று எழுதியிருந்தாள். கட்டளையின் பெயரை நம்பி, ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் எழுதிய வரி. இன்று காலை யாரோ குறை சொல்லி எழுதியிருக்க, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள். சேமித்து வைத்திருந்த அத்தனையையும் அது வழித்துப் போட்டுவிட்டது.

இணையத்தில் இருந்ததை அப்போதே திருத்திவிட்டாள். அச்சடித்த புத்தகத்தை எப்படித் திருத்துவது? ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கணவருக்கு அவளே கொடுத்திருந்தாள். இரண்டு தடவை படித்துவிட்டேன், பிரமாதம் என்று அவரும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று பதினொன்றரைக்குக் கூடத்துக் கம்ப்யூட்டரில் வேண்டாத மென்பொருள்களை நீக்கிச் சுத்தம் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், போனை எடுக்கவே இல்லை.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் ரத்த முடிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

கதவைத் தள்ளினாள். மானிட்டருக்கு முட்டுக்கொடுத்தபடி, கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது அவளுடைய புத்தகம்.

அவர் சாவகாசமாக விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்ததால் சீக்கிரமே ஆரம்பித்ததாகவும், சுத்தம் செய்து முடித்துப் பத்து நிமிடம் ஆகிறது என்றும் சொன்னார்.

"நாப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கிறபடியேவா செஞ்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் அழுகைகூட வரவில்லை.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதே... அந்தப் புத்தகத்தை நான் இதுவரைக்கும் திறந்ததே இல்ல."