மூக்குக்கு ஒரு விருந்து

முதல் மடக்கு உள்ளே இறங்கியதும் ஜெயக்குமார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஸ்பத்திரி" என்றார்.

மாணிக்கவேல் பதறி எழுந்தார். "இன்னாங்க பண்ணுது? டாக்டர வரச்சொல்லட்டா?"

"அட, வாசனையச் சொல்றேங்க! டிஞ்சர், டெட்டால், கருகின கயிறு, நடுவுல கொஞ்சம் கடல் காத்து. ஸ்காட்லாந்துத் தீவு விஸ்கி இது. சதுப்பு மண்ண வெட்டிக் காயவெச்சுக் கொளுத்தி, அந்தப் புகையில பார்லிய வாட்டுவாங்க. அதுலயும் இது லிமிடெட் எடிஷன். ஆரணியில உங்களுக்கு எப்படிங்க கிடைச்சுது?"

"மச்சான் சிங்கப்பூர்ல இருக்கான். உங்களுக்குன்னே சொல்லி வரவெச்சேங்க."

அது உண்மைதான். எதற்காக என்பதை மட்டும் மாணிக்கவேல் சொல்லவில்லை.

ஜெயக்குமாருக்குச் சென்னையில் பெரிய பட்டுக்கடை. அந்தக் கடையின் கல்யாண ஆர்டருக்காக மாணிக்கவேல் நெய்து அடுக்கி வைத்திருந்த சேலைகளில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும்தான் அசல் பட்டு. குறுக்கே ஓடும் ஊடை முழுக்கச் செயற்கை இழை. இது கரையேறினால் வருஷம் முழுக்கத் தறிக்கு வேலை. மாட்டினால் அந்தக் கடை வாசலை இனி மிதிக்க முடியாது, ஊரிலும் பெயர் நாறிப்போகும்.

பார்த்தால் தெரியாது, தொட்டாலும் தெரியாது. ஒரு இழையை உருவிக் கொளுத்தினால்தான் வம்பு. பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், இந்த இழை எரிந்தால் காகிதம் கருகும் வாசனை வரும். கொளுத்தி மோந்து பார்க்காமல் அந்தக் கடையில் ஒரு சேலைகூட எடுக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த சேதி. போன தீபாவளிக்குக் களம்பூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் மாட்டினார்.

ஜெயக்குமாருக்குப் புகை மணக்கும் விஸ்கி என்றால் உயிர் என்று கேள்விப்பட்ட அன்றே மாணிக்கவேலுக்கு இந்த யோசனை உதித்துவிட்டது. மூக்கு நிறையப் புகையை ஏற்றிவிட்டால், அப்புறம் முடியாவது காகிதமாவது! தன் மூளையை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது.

"நீங்களும் ஒரு வாய் எடுத்துக்குங்க" என்றார் ஜெயக்குமார்.

மாணிக்கவேல் குடித்தார். சாயப்பட்டறை அடுப்புச் சாம்பலை நாக்கால் வழித்த மாதிரி இருந்தது. "சூப்பருங்க" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

ஜெயக்குமாரின் மனைவி ஹேமலதா ஜன்னலோரம் உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாணிக்கவேலின் மனைவி லீலா காபி கொண்டுவந்து நீட்ட, வேண்டாம் என்றார். மல்லிகைப்பூ நீட்டியதற்கும் தலையாட்டினார்.

"இப்ப வேணாங்க. கிளம்பறப்ப வெச்சிக்கிறேன்."

லீலா புருஷனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பொரிந்தாள். "கட்டுன புருஷன் பட்டப்பகல்ல குடிச்சிகினு கீறாரு, அந்தம்மா பாட்டுக்கு புக்கு பாத்துகினு கீது. பூவ குடுத்தா வேணான்னுது. மெட்ராஸ் ராங்கி!"

"அதுங்கிட்ட உனுக்கு இன்னா பேச்சு? ஜல்தியா முந்திரி வறுத்துக் கொண்டா. அந்தாளு மூக்கு கிளாஸவிட்டு வெளிய வரக்கூடாது."

அவர் திரும்பி வந்தபோது ஜெயக்குமார் பாடமே நடத்திக்கொண்டிருந்தார். "இதுல ஒரு சொட்டு தண்ணி விடணுங்க. அப்பதான் உள்ள இருக்கற புகை மேல எழும்பும்."

"ரெண்டு சொட்டாவே விடுங்க. நல்லா எழும்பட்டும்" என்றார் மாணிக்கவேல், மனதார.

இரண்டாவது கிளாஸ் போய் மூன்றாவது வந்தது. ஜெயக்குமார் ஒவ்வொரு முறையும் மூக்கை உள்ளே விட்டு, மூச்சை இழுத்து நிறுத்தி, சொக்கிப்போனார். லீலா நெய்யில் வறுத்த முந்திரியைச் சுடச்சுட வைத்துவிட்டுப் போனாள்.

"நெய் மணம் தூக்குதுங்களா?" என்று மாணிக்கவேல் ஆழம் பார்த்தார்.

"நெய்யா? எனக்கு இப்ப எத மோந்தாலும் புகைதாங்க!"

மாணிக்கவேலின் காதில் தேன் பாய்ந்தது. இனி பயம் எதற்கு? அடுக்கின் நடுவில் இருந்த சேலையைத் தானே உருவிப் பிரித்தார். ஊடையிலிருந்து ஒரு இழையைத் தானே உருவினார். தீப்பெட்டியோடு ஜெயக்குமார் முன்னால் வைத்தார்.

"உங்க கடை வழக்கம் எனக்குத் தெரியாதுங்களா? கொளுத்திப் பாத்துடுங்க. ஆரணிச் சரக்கு, எந்த மூக்குக்கும் பதில் சொல்லும்."

ஜெயக்குமார் மிச்சத்தையும் ஒரே மடக்கில் முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகச் சிரித்தார். பிறகு இழையையும் தீப்பெட்டியையும் எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினார்.

ஹேமலதா பத்திரிகையை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எந்த ஊருக்குப் போனாலும் எனக்குத்தாங்க ஊத்தறாங்க, பாவம். மோந்து பாக்கறது இவ!"