எழுத்தாளர் ஏழுமலை

“மாலையோட வாசப்படி ஏறின, மரியாதை கெட்டுடும். அப்படியே திரும்பிப் போயிடு!”

ரேணுகாம்பாள் போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே கையை நிறுத்திவிட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் சின்னசாமி. வாசலில் ரோஜா மாலையோடு நின்றது அவருடைய பால்ய சிநேகிதர் ஆதிமூலம்.

“ஒரே ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன், ரேணுகா.”

“எந்த மொகத்தை? டி.வி.யில காட்டி ஊரையே சிரிக்க வச்சியே, அந்த மொகத்தையா?”

கூடியிருந்த இளவட்டங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘எழுத்தாளர் ஏழுமலை’ என்று ஒரு காமெடி சீரியல் வந்ததே இன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம்? வெள்ளிக்கிழமை தவறாமல் வரும். ஏழுமலை அனுப்பும் கதையெல்லாம் போன வேகத்தில் திரும்பிவிடும். மனசு ஆறாமல் அதை வீட்டு எருமைக்குப் படித்துக் காட்டுவார். பாதிக் கதையில் எருமை எழுந்து போய்விடும். சீரியல் மூன்று மாதம் ஓடிவிட்டு நின்றுபோனது. கதை வசனம், ஆதிமூலம்.

அடி அண்ணாமலையில் கதையும் எழுதி, எருமையும் வைத்திருந்த ஒரே ஆள் சின்னசாமிதான். ஊருக்கு இது போதாதா? பஸ்ஸில் ஏறினால், “ஏழுமலை வராரு, எடம் விடுங்கப்பா” என்பார்கள். குழாயடியில் ரேணுகாம்பாளுக்குப் பெயரே ‘ஏழுமலை பொண்டாட்டி’ என்றாகிவிட்டது. சின்னசாமி அதோடு கதை எழுதுவதை விட்டார். பிறகு கடைசிவரை அவர் எழுதியதெல்லாம், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு எழுதிக்கொடுத்த மனுக்கள்தான். ஆதிமூலத்தை இந்த வாசப்படி மிதிக்க ரேணுகாம்பாள் விட்டதே இல்லை.

ஊர் எப்போதோ மறந்துவிட்டது. அவளால்தான் முடியவில்லை.

மகன் வல்லரசு அவள் காதோரம் குனிந்தான். “அம்மா, இன்னைக்குப் பௌர்ணமி. இன்னும் கொஞ்ச நேரத்துல கிரிவலக் கூட்டம் ரோட்டுல எறங்கிடும். வண்டி நகராது. அவரு மாலையைப் போட்டுட்டுப் போகட்டுமே.”

“அப்போ நீ கைக்கொழந்தைடா. உனக்கு இன்னா தெரியும்?” என்றாள். “எருமையை வச்சு எழுதினான், போவுதுன்னு விட்டேன். அந்தச் சாப்பாட்டு சீனை எழுதினானே, அதை எப்படிடா விடுவேன்?”

அவளே சொன்னாள்.

“இருக்கற சோத்தைப் பூரா புருஷனுக்குப் போட்டுட்டு, ‘நான் அப்பவே சாப்ட்டேன்’னு சொல்லுவா அந்த ஏழுமலை பொண்டாட்டி. அடுப்பங்கரையில போயி ஒரு சொம்பு தண்ணியைக் குடிச்சிட்டு, அவனுக்குக் கேக்கற மாதிரி சத்தமா ஏப்பம் விடுவா. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கு அடிவயிறு எரிஞ்சுது. மழை பொய்ச்ச வருஷம் பூரா நான் விட்ட பொய் ஏப்பம்டா அது! பெத்தவகிட்டகூட நான் சொன்னதில்ல. யோவ், எந்த ஜன்னல் வழியாய்யா எட்டிப் பாத்த?”

“நான் எங்க பாத்தேன்? அந்த வருஷம் பூரா நான் பெங்களூர்லல்ல இருந்தேன்?”

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார் ஆதிமூலம்.

ரேணுகாம்பாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாஸ்தவம்தான். பெங்களூரில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போன மனுஷன் அந்த வருஷம் பொங்கலுக்குக்கூட ஊர்ப்பக்கம் வரவில்லை. வீட்டுக்குள் இருந்தது பால் குடிக்கிற வல்லரசும் அவளும். அப்புறம்...

மெல்லத் திரும்பி, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள்.

“டி.வி.யில எனக்குத்தான் ஆள் தெரியும். அதனால அவன் மொத்தமா எழுதிக் குடுத்தது என் பேர்ல போச்சு” என்று ஆதிமூலம் கையிலிருந்த மாலையிடம் சொல்வதுபோல் சொன்னார். “ரெண்டு வாரம் ஓடட்டும், எழுதினது நான்தான்னு ரேணுகாகிட்ட சொல்லி அசத்தறேன்னான். அதைச் சொல்லத்தான் ஆசையா வந்தான். நீ நடுத்தெருவுல நின்னு, எழுதினவன் கை வெளங்காம போவன்னு மண்ணை வாரித் தூத்திட்டு இருந்திருக்கே. அப்படியே திரும்பி என்கிட்ட வந்துட்டான். ‘நீ எழுதினதாவே இருக்கட்டும்டா’ன்னான். அதுக்கப்புறம் கதைன்னு உக்காந்தா கை ஓடவே இல்லன்னான்.”

“இத்தனை வருஷமா நீங்களும் சொல்லாமலே இருந்தீங்களா?” என்றான் வல்லரசு.

“நான் இந்த வீட்டுக்கு வராம இருந்துடலாம்ப்பா. அவன் எங்க போவான்?”

ரேணுகாம்பாள் ஒதுங்கி வழிவிட்டாள். பெட்டியின் மேல் மாலையை வைத்துவிட்டு, ஆதிமூலம் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். வெளியே யாரோ, “நேரமாச்சு, தூக்குங்கப்பா” என்றார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

தூக்க வந்தவர்களுக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் கண்ணாடிமேல் ஊன்றிக் குனிந்தாள். ஒப்பாரி வைக்கப்போகிறாள் என்று பெண்கள் எல்லாரும் நெருங்கி வந்தார்கள்.

அவள் புருஷனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

“அப்போ நான் பட்டினின்னு தெரிஞ்சேவாய்யா சாப்ட்ட?”