ஜட்ஜய்யா விலகிக்கொண்ட வழக்கு

“முடியாதுன்னா முடியாது, வெர்னா. இந்த வழக்குலேர்ந்து நான் விலகிக்கறேன்.”

“வழக்கா? ஜாம், ஜட்ஜய்யா! வெறும் ஹக்கிள்பெரிப் பழ ஜாம்! ஸ்பூனால எடுத்து நாக்குல வைக்கணும், நம்பர் சொல்லணும். அவ்வளவுதான்.”

தன் கோர்ட் அறையில் உட்கார்ந்திருந்த ஃபெடரல் ஜட்ஜ் வெண்டெல் ஆஸ்ட்ரம் அசைந்து கொடுக்கவில்லை. மொன்டானா மாநிலத்தில் அவர் பெயரைச் சொன்னால் கடத்தல்காரனும் சரி, சுரங்கக் கம்பெனி வக்கீலும் சரி, வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஜனாதிபதி நியமித்த ஆயுள்காலப் பதவி. ஆளை வாங்கவும் முடியாது, மிரட்டவும் முடியாது. வெர்னா ஹௌகனுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது.

போன வருஷம் கோடைத் திருவிழா ஜாம் போட்டிக்கு நடுவராக வந்த பாதிரியார், முதல் பரிசைத் தூக்கித் தன் கொழுந்தியாளுக்கே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை. இந்த வருஷம் பாட்டில்கள் எல்லாம், வெளியே நம்பர் மட்டும், பெயர் ஒட்டின உறைக்குள் என்று, வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் ஆஸ்ட்ரம் தீர்ப்புச் சொல்லாவிட்டால் அவரவர் பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவதாக எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வெர்னா ஆரம்பித்து வளர்த்த போட்டி அது. அவளுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை.

“கொலைகாரனையே கண்ணுக்கு நேரா பார்த்துத் தீர்ப்பு சொன்னவரு. இதுக்குப் போய் பயப்படலாமா?”

“கொலைகாரன் ஜெயிலுக்குப் போயிடுவான். ஜாம்ல தோத்தவங்க என் பக்கத்து வீட்டுலேயே இருப்பாங்க!”

சொல்லிவிட்டு அவர் காப்பிக் கோப்பையை எடுத்தார். விரல் நுனியெல்லாம் மை. கையெழுத்துப் போட்டே தேய்கிற மனுஷன், பாவம் என்று வெர்னா நினைத்தாள். பாவம் பார்த்தால் போட்டி நடக்காதே.

“உங்க வீட்டம்மா பாட்டில் வச்சிருக்காங்க. அதானே விஷயம்?”

“காரணத்தைச் சொல்ல எனக்குக் கடமை இல்ல.”

வெர்னா விடுகிற ரகமா? அங்கேயே அவர் மனைவி ரமோனாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ரமோனா விழுந்து விழுந்து சிரித்தது அறை முழுக்கக் கேட்டது.

“நானா? எனக்கும் அடுப்புக்கும் ஏழாம் பொருத்தம்னு ஊருக்கே தெரியுமே! அவரை விட்டுடு வெர்னா. மாட்டேன்னு சொல்லிட்டா உடும்புப் பிடிதான்.”

போனை வைத்த வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் ஆஸ்ட்ரம் பதறிப்போனார். கோர்ட்டில் எத்தனையோ கண்ணீரைப் பார்த்தவர்தான், இருந்தாலும் இது தெரிந்தவள் கண்ணீர்.

“அட, அழாத. ஒரு வழி சொல்றேன். ஊர்ல பன்னிரண்டு பேரைச் சீட்டுக் குலுக்கி எடு. பாட்டில் வச்சவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் வேண்டாம். ஒரு ரூம்ல போட்டுக் கதவைச் சாத்து. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர்ற வரைக்கும் வெளிய விடாத. இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் மனசார நம்பினது, கோர்ட்டுல நடுவர் குழுவா உட்கார்ற அந்தப் பன்னிரண்டு பேரைத்தான்.”

“அப்புறமும் யாராவது ஒத்துக்கலைன்னா?”

“அவங்க சொன்னா சொன்னதுதான்! நான் மாஞ்சு மாஞ்சு எழுதற தீர்ப்பை மேல் கோர்ட்டுல மூணு பேர் உட்கார்ந்து, காப்பி ஆறுறதுக்குள்ள கவுத்துடறாங்க. மேல்முறையீடுங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்படி எவனாவது வந்தா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன்.”

யோசனை ஜட்ஜுடையது என்றதும் ஊரும் ஒத்துக்கொண்டது. சனிக்கிழமை திருவிழாக் கூடத்தில் நிற்க இடமில்லை. பண்ணைக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பல் டாக்டர் என்று பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு ஸ்பூனோடு உள்ளே போனார்கள். மூடின கதவுக்குப் பின்னால் ஒரே கூச்சல். ஆஸ்ட்ரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் ரமோனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. தன் போட்டிமேல் மனுஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று வெர்னா நெகிழ்ந்துபோனாள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. பல் டாக்டர் முன்னால் வந்தார்.

“முதல் பரிசு, ஒன்பதாம் நம்பர்! பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு.”

வெர்னா ஒன்பதாம் நம்பர் உறையைப் பிரித்துப் பெயரை வாசித்தாள். டிராக்டர் மெக்கானிக் ஒருவர் துள்ளி எழுந்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பாதிரியாரின் கொழுந்தியாளே போய் அவர் கையைக் குலுக்கினாள். வெர்னாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மற்ற உறைகளைப் பிரிக்கிற வழக்கம் இல்லை, தோற்றவர் மானம் காப்பாற்றப்படும்.

“இன்னொரு விஷயத்துலயும் நாங்க பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு” என்றார் பல் டாக்டர். “அந்த நாலாம் நம்பர் யாரா இருந்தாலும், தயவுசெஞ்சு இனிமே அடுப்புப் பக்கமே போகாதீங்க. உள்ள விட்ட ஸ்பூன் வெளிய வரல. என் தொழிலுக்கு நல்லது, ஊருக்கு நல்லதில்ல.”

கூடமே வெடித்துச் சிரித்தது.

அப்போது கடைசி வரிசையில் ஆஸ்ட்ரம் எழுந்து நின்றார். சட்டென்று அமைதி. ஒவ்வொரு வழக்கும் முடிந்ததும் நடுவர் குழுவுக்கு எழுந்து நன்றி சொல்வது அவர் வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். ரமோனா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. வெர்னா கைதட்டத் தயாரானாள்.

“நடுவர் குழுவுக்கு என் நன்றி” என்றவர், எத்தனை தேய்த்துக் கழுவியும் ஹக்கிள்பெரிப் பழத்தின் கருநீலக் கறை போகாத விரல்களால் தொப்பியைக் கசக்கிக்கொண்டே கேட்டார்:

“வெர்னா, நாலாம் நம்பர் என்னுது. மேல்முறையீடு எங்க பண்ணணும்?”