ஆமென் சொல்லும்வரை

துக்கத்தில் இருப்பவரிடம் சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள், உடனே ஜெபத்தில் இறங்கிவிடாதீர்கள் என்று சபையில் நடந்த பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். மறுநாளே ரத்தினபாய், மகனைப் பறிகொடுத்த புஷ்பக்கனியின் வீட்டுக்குப் போனாள். இருவரும் ஒரே உப்பளத்தில் ஓலைப்பெட்டியில் உப்புச் சுமந்தவர்கள்.

“ஏட்டி, சாகணும்னு தோணுதா?”

“தோணுதுக்கா. இன்னைக்கு ரொம்பத் தோணுது.”

இல்லை என்ற பதிலுக்குத்தான் ரத்தினபாய் தயாராக வந்திருந்தாள். தெரிந்த ஒன்றைச் செய்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘ஆண்டவரே’ என்று உரக்க ஆரம்பித்தாள். நடுவில் புஷ்பக்கனி ஏதோ சொன்னாள். பயத்தில் இவள் குரலை இன்னும் உயர்த்தினாள். புஷ்பக்கனியின் குரல் நின்றுபோயிற்று. கண்ணைத் திறக்கப் பயந்தே ஜெபத்தை நீட்டினாள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது எதிரே புஷ்பக்கனி உட்கார்ந்திருந்த பாய் காலியாக இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

“ஏட்டி கனி!” என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

புஷ்பக்கனி பின்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“முடிச்சிட்டியளாக்கா?” என்றாள் திரும்பாமலே. “நான் சொன்னது கேட்டுச்சா?”