அசையாத முள்

உடல் எடை குறைக்க அவன் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. வீட்டு எடை இயந்திரத்தின் முள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. ஒர்க்‌ஷாப்ல ஒளிஞ்சு என்ன திங்கறீங்க?" என்றாள் மனைவி.

"வயித்தையே சுருக்கித் தைச்சுட்டாங்க. தின்னாலும் எங்கடி போட்டு அடைக்கிறது?"

"அப்போ பேன்ட் இடுப்புல நிக்காம நழுவுது, முள் ஏன் நகரல? சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும்."

"ஆபரேஷன் பலிக்கலைன்னு சொல்லிடு."

எதற்கெடுத்தாலும் வாதாடும் மெக்கானிக் கணவன் இவ்வளவு சுலபமாகத் தோல்வியை ஒப்புக்கொண்டது அவளுக்கு உறுத்தியது. சட்டென்று தானே இயந்திரத்தில் ஏறினாள். நேற்றுக் கடைத்தெருவில் பார்த்த எடையைவிடப் பத்து கிலோ கூடுதல்!

"ஒரே ராத்திரியில நான் ஊதிட்டேனா?"

இறங்கி இயந்திரத்தைக் கவிழ்த்தாள். முள்ளைச் சரிசெய்யும் சின்னச் சக்கரத்தில் கறுப்பாக கிரீஸ் கறை.

"வாரா வாரம் இதைத் திருகி வெச்சீங்களா? நல்லா இளைச்சுட்டு, இளைக்கலைன்னு எதுக்குங்க இந்த நாடகம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குப் பலிச்சா, அடுத்த மாசம் நீயும் ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு தேதி கேட்டுட்டு வந்திருக்கியே! உள்ளே போய்ப் படுக்க எனக்குப் பயமில்லடி. நீ உள்ளே இருக்கறப்போ வெளியில நிக்கத்தான் தெம்பில்ல."